எங்கட ஊர்ப் பேர் கல்லில இருக்கு

மட்டுவில் என்றால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் முதலில் நினைவு வருவது கத்தரிக்காய்தான். பிறகு பன்றித்தலைச்சி அம்மன். பங்குனித் திங்களில் பொங்கப் போகிற சனம் திரும்பும்போது பையில் இரண்டு கிலோ கத்தரிக்காயோடுதான் பஸ் ஏறும். என் அம்மாவின் ஊர் அது. மாமா இன்றைக்கும் அங்கே ஆறு பரப்பில் தோட்டம் செய்கிறார். பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான் கிடப்பேன்: கிணற்றடி, பூவரசம் வேலி, மாட்டுக் கொட்டில், மத்தியானத்தில் ஒரு சத்தமும் இல்லாத ஒழுங்கை. அப்படிப்பட்ட ஊரின் பெயரை ஏறத்தாழ 840 வருடங்களுக்கு முன் வெட்டிய ஒரு சோழர் கல்வெட்டில், எதிரி படை திரட்டிய இடங்களின் வரிசையில் கண்டால் எப்படி இருக்கும்? வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தேன், பெயர் அங்கேயேதான் இருந்தது.

கல்வெட்டு இருப்பது திருவாலங்காட்டில். அரக்கோணத்துக்குப் பக்கம். கைலாயம் வரை தலையால் நடந்து போன காரைக்கால் அம்மையார் கடைசியில் வந்திருந்து ஆடலைப் பார்த்த தலம் என்று சமய பாடத்தில் படித்தோமே, அதே ஊர். பக்கத்து ஊர் பழையனூர், பேய்க் கதை பிடித்தவர்களுக்கு நீலியால் தெரிந்த ஊர். அந்தத் திருவாலங்காட்டுக் கோயில் கல்லில், இரண்டாம் ராஜாதிராஜ சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1178-ஐ ஒட்டி, ஐந்து இடங்களின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ். ஈழத்து அரசன் இந்த இடங்களில் படகு செய்வித்துப் படை சேர்க்கிறான், மறுபடி சோழ நாட்டுப் பக்கம் வரப்போகிறான் என்பது சேதி.

ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. மாதோட்டம் மன்னாரில் திருக்கேதீச்சரம் இருக்கிற இடம். வல்லிகாமம் வலிகாமம், அது அப்பாவின் பக்கம். மட்டிவாழைத்தான் மட்டுவில் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக, அம்மாவின் ஊரும் அப்பாவின் ஊரும் ஒரே வரியில். கலியாணப் பொருத்தம் எண்ணூறு வருடத்துக்கு முன்பே பார்த்தாயிற்று என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மாமாவுக்கு அழைத்தேன்.

"மாமா, எண்ணூறு வருசத்துக்கு முந்தி உங்கட ஊருக்குச் சோழன்ர படை வந்து அடிச்சதாம்."

"ஆர் சொன்னது?"

"அவையே கல்லில வெட்டி வச்சிருக்கினம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பாத்தி மாற்றிக் கட்டுகிறார் போல, தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் கேட்டார்: "எங்களிட்ட என்ன இருந்தது தம்பி, அவனுக்கு?"

சரியான கேள்வி. அதற்கு விடை தேடப் போய்த்தான் இவ்வளவும் வாசித்தேன்.

கதை தொடங்குவது மதுரையில், ஒரு பங்காளிச் சண்டையில். 1160-களின் கடைசிப் பகுதி. பாண்டிய முடிக்கு இரண்டு பேர்: மதுரைக்குள்ளே பராக்கிரம பாண்டியன், வெளியே நகரை வளைத்து நின்ற குலசேகர பாண்டியன். உள்ளே இருந்தவர் உதவி கேட்டு ஆள் அனுப்பியது சோழனுக்கு அல்ல, கடல் தாண்டி இலங்கைத் தலைநகரான பொலன்னறுவைக்கு. அங்கே அப்போது முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). குளம் கட்டியதற்காக நாங்கள் பள்ளியில் படித்தவர், பராக்கிரம சமுத்திரத்துக்காரர். (இந்தக் காலத்தை வாசிப்பதில் பெரிய தொல்லை பெயர்கள்தான். பராக்கிரம பாண்டியன், பராக்கிரமபாகு, வீரபாண்டியன், விக்கிரம பாண்டியன். எல்லோரும் ஒரே சாத்திரியாரிடம் பெயர் வைத்தவர்கள் மாதிரி. நான் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.)

பராக்கிரமபாகு இலங்காபுரன் என்கிற தண்டநாயகன் (படைத்தலைவன்) தலைமையில் படை அனுப்ப ஏற்பாடு செய்தார். படை கப்பலேறும் முன்னமே மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனையும் மனைவியையும் பிள்ளைகளையும் குலசேகரன் கொன்றுவிட்டான். ஒரு மகன் மட்டும் தப்பினான், வீரபாண்டியன். உதவி கேட்டவரே போய்விட்டார், இனி என்ன என்று பொலன்னறுவை விட்டிருக்கலாம். விடவில்லை. போய் மகனுக்கு முடியை வாங்கிக் கொடுங்கள் என்று உத்தரவு. படை இராமேசுவரப் பக்கம் இறங்கியது, குந்துகாலில் கோட்டை கட்டியது, அதற்குப் பராக்கிரமபுரம் என்று பெயரும் வைத்தது. உதவிக்கு வந்தவன் கோட்டை கட்டி அதற்குத் தன் அரசனின் பெயரை வைத்தால் அவன் வந்தது உதவிக்கு மட்டுமா என்று கேட்கத் தோன்றும். பிடித்த ஊர்களில் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசை ஓடவிட்டார்கள் என்று இலங்கை அரசர்களின் கதையைச் சொல்லும் பாளி நூலான சூளவம்சமே பெருமையாகச் சொல்கிறது. பிடிபட்ட தமிழ்ப் போர்வீரர்களை இங்கே கொண்டுவந்து அநுராதபுரத்து மகாதூபியைத் திருத்தும் வேலையில் போட்டார்கள் என்றும் சொல்கிறது.

மெல்ல மெல்ல, ஊர் ஊராகப் பிடித்து மதுரையை எடுத்து வீரபாண்டியனை உட்கார வைத்தார்கள். குலசேகரன் ஓடிப் போய்ச் சோழனிடம் விழுந்தான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல இரண்டு வாய்கள் இருக்கின்றன. சூளவம்சத்தை மட்டும் வாசித்தால் இலங்காபுரன் எல்லாரையும் வென்று, நாட்டை வீரபாண்டியனிடம் ஒப்படைத்து, கொள்ளைப் பொருளோடு வீடு திரும்புகிறான், அரசன் பாண்டு விஜயம் என்று ஒரு கிராமத்துக்குப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறான். சோழர் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டை வாசித்தால் அதே இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்துத் தொங்குகிறது. அவனோடு வந்த இன்னொரு தண்டநாயகனின் தலையும் பக்கத்தில். இரண்டும் எழுதியவர்களின் அரசன் காதுக்கு இனிக்க எழுதியவைதான். எனக்கென்னவோ ஆணியைப் பற்றிச் சொல்கிற கல்வெட்டின் மேல்தான் நம்பிக்கை வருகிறது. படை போன கதையை அத்தனை விரிவாக எழுதிய சூளவம்சக்காரர் திரும்பி வந்த கதையைச் சட்டென்று முடித்துக்கொள்கிறார், அந்த அவசரம் ஒரு மாதிரி இருக்கிறது.

இந்தச் சண்டையில் எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு ஆர்ப்பாக்கத்துடையது, காஞ்சிபுரத்துக்குப் பக்கம். தொண்டி, பாசிப் பக்கம் நடந்த சண்டையில் ஈழத்துப் படையின் கை ஓங்கி நிற்கிறது, சோழ நாட்டுச் சனம் கதிகலங்கிப் போயிருக்கிறது. அப்போது எதிரிலிசோழச் சம்புவராயர் என்கிற சிற்றரசர் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய மகன்தான் களத்தில் படை நடத்துகிறவன், மகனைப் பற்றிய கவலையும் இருந்திருக்கும். நேரே ஞானசிவதேவர் என்கிற சிவாசாரியரிடம் போய், இந்தப் படை நாட்டுக்குள் வந்தால் கோயிலும் குடியும் கெட்டுப் போகும், ஏதாவது செய்யுங்கள் என்று கையெடுத்தார். அவர் 28 நாள் விடாமல் பூசை செய்தார். பிறகு களத்திலிருந்து ஓலை வந்தது: எதிரிப் படை உடைந்து ஓடுகிறது. சம்புவராயர் மகிழ்ந்து ஆர்ப்பாக்கம் என்கிற ஊரையே பூசை செய்தவருக்குக் கொடுத்துவிட்டார். சோழப் பேரரசு, கடாரம் கொண்ட கடற்படை என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்துகிறோம். அதற்கு நூற்றைம்பது வருடத்துக்குள், பொலன்னறுவையிலிருந்து ஒரு படை கரையேறியது என்று கேட்டவுடன் நாலு வாரம் பூசை. அப்பா வெளிநாட்டுக்குப் போன படகு போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை அம்மம்மா நல்லூரில் விளக்கேற்றிக்கொண்டிருந்தது போல.

சரி, சோழன் வென்றான், குலசேகரனைத் திரும்ப மதுரையில் வைத்தான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடி கிடைத்ததும் குலசேகரனுக்குச் சோழன் கசந்துவிட்டான். பொலன்னறுவையிலிருந்து பரிசும் ஓலையும் வரத் தொடங்கின, அவன் அந்தப் பக்கம் சாய்ந்தான். எந்த அரசன் தன்னை மதுரையிலிருந்து விரட்டினானோ அதே அரசனோடு! செய்த நன்றியை மறந்தான் என்று சோழர் கல்வெட்டு குமுறுகிறது. உடனே சோழர்கள் என்ன செய்தார்கள்? இத்தனை நாள் எதிரியாக இருந்த வீரபாண்டியனைக் கூட்டி வந்து மதுரையில் வைத்தார்கள். தாளில் போட்ட என் அம்புக்குறிகள் எல்லாம் இந்த இடத்தில் திசை மாறின, அழித்து மறுபடி போட்டேன். ஆக, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஆளும் இடமும் அதே, யார் யார் பக்கம் என்பது மட்டும் தலைகீழ்.

மதுரையில் வைத்த ஆள் கை மாறிப் போனதும் பராக்கிரமபாகு மறுபடி கப்பலுக்கு மரம் வெட்டத் தொடங்கினார். எங்கே? இங்கே. ஊராத்துறையில், மாதோட்டத்தில், வலிகாமத்தில், மட்டுவிலில்.

மட்டுவிலில் கப்பலா என்று நானும் முதலில் சிரித்தேன். கடல் எங்கே, மட்டுவில் எங்கே. பிறகு வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், மட்டுவில் இருக்கிற தென்மராட்சிக்கு வடக்கே ஏரிக்கடல், தெற்கேயும் ஏரிக்கடல். இந்தக் குடாநாட்டில் எந்த ஊரிலிருந்தும் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதோ ஒரு தண்ணீருக்குப் போய்விடலாம். மரவேலையும் எங்களுக்குப் புதிதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்கிற பாய்க்கப்பல் 1938-இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரை போனது, இந்த ஊர் மாலுமிகளோடு.

காற்றையும் பார்க்க வேண்டும். சின்ன வயதில் நான் சோழகக் காற்று என்றால் சோழ நாட்டிலிருந்து வருகிற காற்று என்றுதான் நினைத்திருந்தேன். அது தென்மேற்கிலிருந்து வீசுவது, அதாவது இங்கிருந்து நாகபட்டினம் பக்கம் பாய் விரித்தால் பின்னால் நின்று தள்ளுவது. வடக்கேயிருந்து சோழக் கப்பலைக் கொண்டுவந்து தருவது நாங்கள் பட்டம் விடுகிற வாடை. பெயர் மாறி வைத்துவிட்டார்கள் என்று இன்னும் எனக்கு ஒரு மனக்குறை. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 அக்டோபரில் திரும்பவும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது ஏறத்தாழ நாலு மணித்தியாலப் பயணம் என்றார்கள். கொழும்புக்கு பஸ்ஸில் போக அதைவிட இரண்டு மடங்கு வேண்டும். படை எடுக்க நினைத்தவனுக்கு இது ஓடை.

திருவாலங்காட்டுக் கல்வெட்டின் நாயகன் அண்ணன் பல்லவராயன் என்கிற அம்மையப்பன், பழையனூர்க்காரன். இவன் செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. பராக்கிரமபாகுவின் மருமகன் ஒருவன், சீவல்லபன், இலங்கை அரசு எனக்குத்தான் என்று உரிமை கோரிக்கொண்டு சோழ நாட்டில் வந்து தங்கியிருந்தான். அவனுக்குப் படை கொடுத்து அனுப்பினான் பல்லவராயன். அந்தப் படை ஊராத்துறை முதலான இடங்களில் புகுந்தது, யானைகளைப் பிடித்தது, ஊர்களை அழித்தது, எதிர்த்தவர்களைக் கொன்றது, பிடிபட்டவர்களையும் யானைகளையும் சோழனிடம் கொண்டுபோய்க் காட்டியது.

அதாவது, மட்டுவிலை அடித்தது சோழப் படைதான். ஆனால் அதற்கு முன்னால் நின்றவன் ஒரு சிங்கள இளவரசன், அடி வாங்கிய மரங்களும் யானைகளும் ஒரு சிங்கள அரசனுடையவை, அந்த அரசன் ஊராத்துறைக்குப் போட்ட கட்டளையோ தமிழில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் நயினாதீவு போனேன்.

குறிகட்டுவானில் படகுக்கு நின்ற வரிசையில் பாதிப் பேர் நாகபூசணி அம்மனுக்கு, பாதிப் பேர் நாகவிகாரைக்கு. இரண்டு பக்கமும் பூத்தட்டுத்தான், தாமரைப் பூ தூக்கலாக இருந்தால் விகாரைக்காரர் என்று கண்டுகொள்ளலாம். படகுக்குள் இறங்கினால் டீசல் வாசமும் ஈர மரத்தின் வாசமும். எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன் முழங்கால் வரை வருகிற உயிர்காப்பு அங்கியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், தளபதி மாதிரி. கோயிலில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இங்கே பராக்கிரமபாகுவின் கல் எது என்று கேட்டேன். கேட்ட முதல் ஆள் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிற இடத்தைக் காட்டினார். இரண்டாவது ஆள் "அன்னதானம் தொடங்கப் போகுது, முதல்ல சாப்பிட்டுட்டுப் பாருங்கோ" என்றார். நல்ல யோசனைதான். சாப்பிட்டேன்.

எழுத்தை அங்கே நின்று வாசிக்கிற அளவு பயிற்சி எனக்கு இல்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் வாசித்து வெளியிட்டதன் படி கையில் இருந்தது. அதில் இருப்பது வீரப் பேச்சு அல்ல, ஒரு சுங்க அதிகாரி எழுதியது போன்ற கணக்கு. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. எங்களுக்கு யானை குதிரை மேல் ஆசை உண்டு, ஆதலால் யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் சரக்கில் நாலில் ஒரு பங்கு மட்டும் அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வாணிபச் சரக்கோடு வந்த மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. இதைக் கல்லிலும் செம்பிலும் வெட்ட வேண்டும். முழுக்கத் தமிழ், கடைசியில் மட்டும் அரசனின் பெயர் சொல்லும் சமஸ்கிருத வரி.

உடைந்த கப்பலில் பாதியைப் பிடுங்குவது நியாயமா என்று இன்று கேட்கலாம். அந்தக் காலத்தில் கரையொதுங்கிய கப்பல் முழுவதுமே கரைக்கு உடையவனுக்குத்தான். ஆந்திராவில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் 1244-ஐ ஒட்டி வெட்டிய கல்லில், முன்பிருந்த அரசர்கள் புயலில் அடிபட்ட கப்பலின் சரக்கை எல்லாம் பறித்தார்கள், நான் வரியை மட்டும் எடுப்பேன் என்று உறுதி சொல்கிறான். அதற்கு எழுபது எண்பது வருடம் முந்தி ஊராத்துறையில் குதிரைக்காரனுக்கு முக்கால்வாசி திரும்பக் கிடைத்திருக்கிறது. குதிரைக்கு மட்டும் ஏன் இத்தனை தயவு என்பதில்தான் மாமாவின் கேள்விக்கு விடை.

இந்த வெக்கையில் போர்க்குதிரை நிலைக்காது. தென்னாட்டு அரசர்கள் எல்லோரும் அரபு, பாரசீகக் கரையிலிருந்து ஆண்டுதோறும் புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நூறு வருடம் கழித்துப் பாண்டிய நாட்டுக்கு வருடம் 1,400 குதிரை இறக்க ஒப்பந்தம் இருந்தது, ஒரு குதிரை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். சோற்றோடு இறைச்சியை அவித்துக் குதிரைக்குக் கொடுக்கிறார்கள், லாடம் அடிக்கத் தெரிந்த ஆளில்லை, வாங்கிய குதிரை வருடத்துக்குள் செத்துப் போகிறது, விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம் என்று மார்கோ போலோ தலையில் அடித்துக்கொள்கிறார். யானை விஷயம் அடுத்தது. பராக்கிரமபாகு 1165-ஐ ஒட்டிப் பர்மாவுக்கே கடற்படை அனுப்பினார், அங்கத்தைய அரசன் யானை விலையை ஏற்றி விற்பனைக்குத் தடை போட்டது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. யானைக்காக வங்காள விரிகுடாவைத் தாண்டியவர் பாக்கு நீரிணையைத் தாண்ட யோசிப்பாரா?

ஊர்காவற்றுறையில் நின்று பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். காரைநகரிலிருந்து அந்த இரும்புப் பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனால் நடுவில் கடற்கோட்டை தெரியும். (எங்களூரில் அந்த மிதவைக்குப் பெயரே பாதைதான், வெளியூர் ஆட்கள் பாதை வரும் நில்லுங்கள் என்றால் முழிப்பார்கள்.) நாலு பக்கமும் தீவு மறைப்பு, உள்ளே அலையில்லாத தண்ணீர். பின்னாளில் வந்த போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானை ஏற்றும் துறை இதுதான், கயிட்ஸ் என்கிற பெயரே துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சோழர்களும் இதன் அருமை தெரிந்தவர்கள்தான். இலங்கையைப் பிடித்து ஆண்ட காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயரே மாற்றினார்கள். மண் பிடிக்கிற சண்டை என்று பாடப்புத்தகம் சொல்லித் தருகிறது. எனக்கு இது துறை பிடிக்கிற சண்டையாகத்தான் தெரிகிறது. மதுரை யார் கையில் என்பதை வைத்துத்தான் பாண்டிய நாட்டுக் கரையும் மன்னார்க் குடாவின் முத்துச் சலாபமும் யார் கையில் என்பது. அந்தக் கரைக்கு எதிர்க்கரை நாங்கள். ஒரு கரையை வைத்திருப்பவனுக்கு மறு கரை எதிரியிடம் இருந்தால் இரவில் தூக்கம் வராது.

இப்போது கொஞ்சம் மனத்தாங்கலான விஷயம். நானும் என் வயதுப் பெடியளும் சோழன் என்றால் நம்மட ஆள் என்று வளர்ந்தவர்கள். கிரிக்கெட் பார்ப்பது போலத்தான் வரலாறும் பார்த்தோம், 993-இல் இராசராசன் வந்தான், ஒரு விக்கெட். சில வருடம் முன்பு சோழப் படம் வந்த நேரத்தில் தேத்தண்ணிக் கடையில் ஒரே இதே கதைதான். அங்கே போய் நான் "மச்சான், சோழன் மட்டுவிலை அடிச்சிருக்கிறான்" என்றால் எவனும் நம்பவில்லை. ஒருவன், "அது அங்க சிங்களப் படை நின்டதால அடிச்சிருப்பாங்கள்" என்றான். நின்றது உண்மை. ஆனால் அந்தப் படைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது அவ்வளவு நேர்கோடு இல்லை. அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் முந்தி, பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகுவிடம் வேலைக்காரப்படை என்கிற தமிழ்ப் படைப்பிரிவு இருந்தது. சோழன்மேல் போங்கள் என்றபோது மாட்டோம் என்று கலகம் செய்தார்கள், அரசன் அதைக் கொடூரமாக அடக்கினான். ஆகா, இனப்பற்று என்று தொடை தட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளி வாசித்தால், அதே வேலைக்காரர்தான் விஜயபாகு கட்டிய தந்ததாதுக் கோயிலை, அதாவது புத்தரின் பல் வைத்த கோயிலை, காக்கிற பொறுப்பை ஏற்று, எங்கள் உயிர் உள்ளவரை காப்போம் என்று பொலன்னறுவையில் தமிழில் கல்வெட்டி வைத்திருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடைக்கு இதைக் கொண்டுபோகும் துணிவு எனக்கு வரவில்லை.

மட்டுவிலோடு சண்டை முடிந்துவிடவில்லை. அடுத்து வந்த மூன்றாம் குலோத்துங்கன், சோழர்கள் வைத்த வீரபாண்டியனையே அடிக்க வேண்டி வந்தது, அவனும் ஈழத்தோடு கை கோத்துவிட்டான். மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்று பட்டம் போட்டுக்கொண்டு, 1205 அளவில் மதுரைக்குள் புகுந்து பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்தான் குலோத்துங்கன். மண்டபத்தை இடித்ததை அந்தப் பாண்டியக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் மறக்கவில்லை. 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் நேரே சோழ நாட்டுக்குள் போனான். "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி" என்கிறது அவன் மெய்க்கீர்த்தி. மாடமும் மதிலும் ஆடரங்கும் இடித்து, இருந்த இடம் தெரியாமல் கழுதை பூட்டி உழுதானாம்.

ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் விட்டான். பட்டினப்பாலை பாடியதற்காகக் கரிகாலன் உருத்திரங்கண்ணனாருக்குக் கொடுத்த பதினாறு கால் மண்டபம். திருவெள்ளறைக் கல்வெட்டு இதைப் பாட்டாகவே சொல்கிறது. எதிரி ஊரை மொத்தமாகக் கொளுத்துகிறவன், ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு புலவருக்கு, அதுவும் சோழனைப் பாடிய புலவருக்குக் கிடைத்த மண்டபம் என்று கேள்விப்பட்டதும் தீப்பந்தத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறான். 1981-இல் நூலகம் எரிந்த ஊரில் பிறந்தவனுக்கு இந்த வரியைக் கடந்து போவது லேசில்லை. இரண்டு நாள் அதிலேயே நின்றேன்.

பிறகு நடந்தவை வேகமானவை. சோழர்கள் தேய்ந்து 1279-ஓடு மறைந்தார்கள். பாண்டியர் ஓங்கினார்கள், திருகோணமலை வரை வந்து இரட்டை மீனைப் பொறித்தார்கள், அதைக் கோட்டை வாசலில் இப்போதும் பார்க்கலாம். அவர்களுடைய ஆரியச்சக்கரவர்த்தி என்கிற தளபதி சிங்கள அரசர்களின் அப்போதைய தலைநகரான யாப்பகுவ வரை போய்த் தந்ததாதுவையே தூக்கிக்கொண்டு போனான். அந்தப் பெயர்க்காரர்கள்தான் பின்னால் நல்லூரில் உட்கார்ந்து யாழ்ப்பாண அரசர்கள் ஆனது. நாங்கள் சோழனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் அரசு பிறந்தது பாண்டியப் படையின் வாலிலிருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டுவிலுக்குப் போய் மாமாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து வரம்பில் குந்தியிருந்து, கத்தரிச் செடியில் சூத்தைக் காய்களைப் பிடுங்கி எறிந்துகொண்டே கேட்டார். குலசேகரன் கட்சி மாறிய இடத்தில் சிரித்தார். குதிரைக்கு இறைச்சிச் சோறு போட்ட இடத்தில், "விசரங்கள்" என்றார். முடிந்ததும் எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"அப்ப, எங்கட ஊரை அடிச்சவனுக்கு அரசன் என்ன குடுத்தவன்?"

"பழையனூரில பத்து வேலி நிலம் மாமா. வரியில்லாமல்."

"பத்து வேலி எண்டால்?"

கைபேசியில் கணக்குப் போட்டேன். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். பத்து வேலிக்கு அறுபத்தைந்து ஏக்கர் வரும். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. "ஆயிரத்துச் சொச்சம் பரப்பு மாமா."

மாமா தன் ஆறு பரப்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு தரம் பார்த்தார்.

"ஆயிரம் பரப்போ!" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டே, "உதுக்குத் தண்ணி எங்காலயாம், கிணறோ குளமோ?"